73939133-ஐ நாங்கள் வகுத்த கதை

டயாலிசிஸ் நாற்காலியில் படுத்திருப்பவருக்கு ஒரு கைதான் சொந்தம். இடது கையில் இரண்டு ஊசிகள் ஏறிய பிறகு நான்கு மணி நேரம் அதை அசைக்கக் கூடாது. ரத்தம் ஒரு குழாய் வழியாக வெளியே போய், இயந்திரத்தில் சுத்தமாகி, இன்னொரு குழாய் வழியாகத் திரும்பி வரும். வலது கையை நம் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம். நான் அந்தக் கையால் வகுத்தல் கணக்குப் போட்டேன்.

ஜெலுத்தோங் வட்டாரத்தில், கீழே கடையும் மேலே வீடுமான கடைவீட்டு வரிசை ஒன்றின் கீழ்த்தளத்தில் இருக்கிறது அந்த டயாலிசிஸ் சென்டர். வாரத்தில் மூன்று காலைகள் எனக்கு அங்கே. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் வழியில் கணவர் என்னை இறக்கிவிடுவார். முடிந்ததும் தங்கை வந்து அழைத்துப் போவாள். ஜார்ஜ்டவுனில் ஓர் இடைநிலைப்பள்ளியில் நான் கணித ஆசிரியை. சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்ட பிறகு, டயாலிசிஸ் உள்ள நாள்களில் பிற்பகலில் மட்டும் எனக்குப் பாடம் வைத்துக் கொடுத்தார்கள். வேலையை விட்டுவிடு என்று சொன்னவர்கள் உண்டு. என் உடம்பைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்கு அவர்களுக்குத் தெரியாது என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் அந்த நான்கு மணி நேரத்தை என்ன செய்வது என்று முதலில் தெரியவில்லை. சுவரில் மாட்டிய டிவியில் மலாய் நாடகம் ஓடும். பாதிப் பேர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிவிடுவார்கள். எனக்குப் பகலில் தூக்கம் வராது. கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தால் சீக்கிரமே தோள் வலிக்கும். ஒரு காலையில் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தபோதுதான் அந்த எண் நினைவுக்கு வந்தது.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த காலத்தில் எங்கள் விரிவுரையாளர் ஒருவர் கரும்பலகையில் 73939133 என்று எழுதினார். இது ஒரு பகா எண் என்றார். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடாத எண். அதன் பிறகு வலது ஓரத்தில் இருந்த 3-ஐ உள்ளங்கையால் மறைத்தார். எஞ்சியது 7393913. அதுவும் பகா எண். இன்னொரு 3-ஐ மறைத்தார். 739391, அதுவும். அடுத்து 73939, 7393, 739, 73, கடைசியில் தனியாக நின்ற 7. வலப்பக்கத்திலிருந்து ஒவ்வோர் இலக்கமாக வெட்டிக்கொண்டே வந்தாலும் மிஞ்சுவது பகா எண்ணாகவே இருக்கிறது. இந்தக் குணம் உள்ள எண்களில் இதைவிடப் பெரியது கிடையாது என்றும் சொன்னார். அன்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிறகு நானே ஆசிரியை ஆனதும், ஆண்டுதோறும் புதிய வகுப்பில் முதல் நாள் இதையே எழுதி, இதையே மறைத்துக் காட்டினேன். மாணவர்களின் முகம் மாறுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்த அன்று எனக்குத் தோன்றியது எளிமையான ஒன்று. இது பகா எண் என்று இத்தனை வருடமாக நான் சொல்லி வருகிறேன். நான் பார்த்ததில்லை. விரிவுரையாளர் சொன்னார், புத்தகமும் சொன்னது, நான் அதைக் கைமாற்றினேன். என்னிடம் இப்போது ஒரு கையும் நிறைய நேரமும் இருக்கின்றன. பார்த்துவிட வேண்டியதுதான்.

பழைய தேர்வுத் தாள்களின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். அவற்றை ஓர் அட்டையில் கிளிப் போட்டு மாட்டி மடியில் வைத்துக்கொண்டேன். ஒற்றைக் கைக்காரிக்கு அந்தக் கிளிப் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. சின்ன எண்களிலிருந்து தொடங்கினேன். 7, 73, 739, 7393 எல்லாம் ஒரே காலையில் முடிந்தன. அடுத்தடுத்து வந்தவை நாள் எடுத்தன. ஏழு இலக்க எண்ணை முடிக்கும்போது பள்ளி விடுமுறை வந்து போயிருந்தது. எட்டு இலக்கத்தில் இருந்த பெரிய எண் கடைசியாக நின்றது. அதுதான் உண்மையான வேலை.

பக்கத்து நாற்காலிக்காரர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். அறுபதைத் தாண்டியவர். டவுனில் நாசி கண்டார் என்ற சோறும் குழம்பும் விற்கும் கடை வைத்திருந்தவர். கடை இப்போது மகன்கள் கையில். நீரிழிவு அவர் சிறுநீரகங்களைத் தின்றுவிட்டது. அந்த அறையில் எங்கள் எல்லாரையும்விட மூத்த நோயாளி அவர்தான். யாருக்கு உடம்பில் எவ்வளவு தண்ணீர் ஏறியிருக்கிறது, யாருக்குக் கால் மரத்துப்போகும் என்று மிஸிக்கு அடுத்தபடி அவருக்குத்தான் தெரியும். தாதியை நாங்கள் மிஸி என்றுதான் கூப்பிடுவோம். அவரை நான் அண்ணே என்று அழைப்பேன். அவர் என்னை டீச்சர் என்பார்.

"என்னா டீச்சர், டெய்லி பேப்பர் திருத்துறீங்களா?" என்று ஒரு நாள் கேட்டார்.

இல்லை என்று சொல்லி விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு தம் கைத்தொலைபேசியைக் காட்டி, இதில் தட்டினால் ஒரு நொடியில் பதில் வந்துவிடுமே என்றார்.

"வரும் அண்ணே. ஆனா அது சொல்றத நான் கேட்டுக்கணும். நானே பாத்தா யாரையும் கேக்க வேணாம்."

அவர் யோசித்தார். அவருடைய கடைக் குழம்பு எப்படி இருக்கிறது என்று ஊரே சொல்கிறதாம், ஆனால் உப்பும் தேங்காய்ப்பாலும் தடை என்பதால் அவரால் இப்போது ருசி பார்க்க முடியாதாம். அடுத்தவர் சொல்வதைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது என்றார். வருத்தப்பட்டுச் சொன்ன மாதிரி தெரியவில்லை. நான் சொன்னது புரிந்ததற்கு அடையாளமாகத்தான் சொன்னார்.

பெரிய எண்ணை எந்தெந்த எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவருடைய அடுத்த கேள்வி. ஏழு கோடிக்கும் மேல் இருக்கிறதே, அத்தனையாலும் வகுக்க ஆயுள் போதுமா என்றார். வேண்டாம் என்றேன். பகா எண்களால் மட்டும் வகுத்தால் போதும். அதுவும் 8598 வரைக்கும் போனால் போதும். இரண்டு எண்களைப் பெருக்கி இந்த எண் வர வேண்டுமானால் இரண்டுமே 8598-ஐத் தாண்டியிருக்க முடியாது. இரண்டும் தாண்டினால் பெருக்குத்தொகை இந்த எண்ணைவிடப் பெரிதாகிவிடும்.

"ரெண்டு பேருல ஒருத்தன் சின்னவனா இருந்தாகணும்," என்றார். "சின்னவன புடிச்சா பெரியவன் தானா வந்துருவான்."

இருபது வருட ஆசிரியப் பணியில் இதைவிடச் சுருக்கமாக நான் சொன்னதில்லை. அப்படியும் பகா எண்கள் ஆயிரத்துக்குச் சற்று மேல் வரும். வீட்டில் சாப்பாட்டு மேசையில் பெரிய கட்டத்தாளை விரித்து, கணவர் எண்களை வாசிக்க, நான் இரண்டின் மடங்கு, மூன்றின் மடங்கு, ஐந்தின் மடங்கு என்று அடித்துக்கொண்டே போய்ப் பகா எண்களைச் சலித்து எடுத்திருந்தேன். அந்தத் தாளை மடித்துக் கொண்டுவந்து அண்ணனிடம் காட்டியதும் அவருக்கு ஆசை வந்துவிட்டது. எனக்கும் ஒன்று கொடுங்கள் என்றார். ஆறாம் வகுப்புக்குப் பிறகு நீள்வகுத்தல் போட்டதில்லையாம். அன்று நான் 359-ஐ முடித்திருந்தேன். அடுத்து வரும் 367-ஐ அவருக்கு எழுதிக் கொடுத்தேன்.

வெகு நேரம் எடுத்துக்கொண்டார். இடையில் அவருடைய இயந்திரம் கூவியது. மிஸி வந்து குழாயைச் சரிசெய்து, கையை ஆட்டாதீர்கள் என்று மலாயில் கண்டித்துவிட்டுப் போனார். அதன் பிறகு ஊசி ஏறிய கையை அசைக்காமலே போட்டார். கடைசியில் தாளை என் பக்கம் நீட்டினார். மீதி என்ற இடத்தில் சுழி.

"மாட்டிக்கிச்சு டீச்சர். இது பகா எண்ணு இல்ல."

தாளை வாங்காமலே, தப்பு அண்ணே, அப்படி வராது என்று சொல்லிவிட்டேன்.

அவர் நீட்டிய கையை மடக்கவில்லை. "நீங்க பாக்கலயே," என்றார். "நானே பாத்தா யாரையும் கேக்க வேணாம்னு சொன்னீங்க. இப்ப நான் பாத்துட்டேன். நீங்க பாக்காமலே தப்புன்னு சொல்றீங்க. அப்ப நீங்க இன்னும் புத்தகத்தத்தான் நம்புறீங்க."

குரலை உயர்த்தவே இல்லை. ஆனால் அவர் சொன்னதில் ஓட்டை கிடையாது. ஒரு கணக்குக்கு முன்னால் முடிவு தெரிந்திருப்பது வேறு, கணக்கைப் போட்டு முடிவுக்கு வருவது வேறு. இரண்டாவதைச் செய்வதாகச் சொல்லிக்கொண்டு முதலாவதை வைத்து அவரை மறுத்திருக்கிறேன். தாளை வாங்கினேன். அவர் போட்டதைப் பார்க்காமல், அவருக்குக் கேட்கும்படி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே புதிதாகப் போட்டேன். 739-இல் 367 இரண்டு முறை போகும், மீதி ஐந்து. மூன்றை இறக்கினால் 53, போகாது. ஒன்பதை இறக்கினால் 539, ஒரு முறை. 172. அடுத்து 1721, நான்கு முறை. 2533, ஆறு முறை. மீதி 331, கடைசி 3-ஐ இறக்கினால் 3313.

"இங்க ஒம்பது முறை போகுது," என்றார் அண்ணன். "அதான் சரியா வருது."

ஒன்பதால் 367-ஐப் பெருக்கச் சொன்னேன். அவர் வாய்க்குள் முணுமுணுத்தார். ஒன்பதேழு அறுபத்து மூன்று, மூன்று போட்டு ஆறு மிச்சம். ஒன்பதாறு ஐம்பத்து நான்கு, ஆறைச் சேர்த்தால் அறுபது. அங்கே நின்றார். தம் தாளை மறுபடி வாங்கிப் பார்த்தார். அறுபத்தொன்று என்று போட்டிருந்தார். அதனால் 3303 வர வேண்டிய இடத்தில் 3313 வந்திருந்தது, மீதி சுழியாகிவிட்டது. உண்மையில் மீதி பத்து.

தப்பைத் தாமே அடித்துத் திருத்தினார். பிறகு, இனிமேல் ஒருவர் போட்டதை மற்றவர் சரிபார்க்க வேண்டும், யாராக இருந்தாலும் என்று ஒரு விதி சொன்னார். ஈவையும் வகுத்த எண்ணையும் பெருக்கி மீதியைக் கூட்டினால் 73939133 வர வேண்டும். வந்தால்தான் அந்தப் பகா எண்ணுக்கு நேராகக் குறி போடலாம். அந்த விதியை அவர் போடாமல் இருந்திருந்தால் நாங்கள் கடைசியில் எட்டிய முடிவுக்குப் பொருளே இருந்திருக்காது. என்னுடைய கணக்குகளிலேயே சில தப்புகளை அவர் பிற்பாடு பிடித்தார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை, வீட்டில், அதுவரை வந்த மீதிகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு காரணமும் இல்லை. அண்ணனுடைய பத்து கண்ணில் நின்றது. மேலே போனால் 97-க்கு நேராகவும் பத்து. 67-க்கு நேராகவும் பத்து. 31-க்கும் பத்து. அப்படியானால் இந்த எண்ணிலிருந்து பத்தைக் கழித்தால் கிடைக்கும் 73939123, இந்த நான்கு பகா எண்களாலும் மீதியில்லாமல் வகுபட வேண்டும். 31-ஐ 67-ஆல் பெருக்கினேன், 2077. அதை 97-ஆல் பெருக்கினேன். வந்தது 201469. இந்த எண்ணை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று தோன்றியது. அண்ணனுடைய தாளை எடுத்தேன். 367-ஆல் வகுத்தபோது வந்த ஈவு அது. அதே எண், ஓர் இலக்கம் பிசகாமல்.

ஆக 73939123 என்பது 31, 67, 97, 367 என்ற நான்கின் பெருக்குத்தொகை. ஒன்றும் மிச்சமில்லை. எதற்கும் அசையாத எண்ணுக்குப் பத்தடி கீழே நான்கு துண்டாக உடையும் எண் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. இதை எனக்கு எந்த விரிவுரையாளரும் சொல்லவில்லை. இதற்குப் பெரிய கணிதப் பயன் எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். உலகில் வேறு யாராவது முன்பே கண்டிருக்கலாம் என்பதும் தெரியும். அதனால் என் சந்தோஷம் குறையவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்த கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பெருக்கிப் பார்த்துவிட்டு, இதைத் திங்கட்கிழமை வரைக்கும் உன்னால் வைத்துக்கொண்டிருக்க முடியாதே என்றார். முடியவில்லைதான். தங்கைக்கும் போன் செய்து சொன்னேன். அவள், சரிக்கா, சாப்பிட்டியா என்றாள்.

அண்ணனிடம் சொன்னபோது அவர் நான்கையும் தாமே பெருக்கினார். சரியாக வந்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"நான் தப்பா போடலேன்னா நீங்க அந்தப் பத்த கவனிச்சிருக்க மாட்டீங்க," என்றார்.

ஆமாம் என்றேன். அன்றைக்கு அந்த அறையில் இருந்த ஒவ்வொருவரும், மிஸி உட்பட, 31, 67, 97, 367 பற்றித் தெரிந்துகொண்டார்கள். தெரிந்துகொள்ள விரும்பாதவர்களும்தான்.

அதற்குப் பிறகு அவர் தமக்கென்று ஒரு பங்கு கேட்டார். ஐயாயிரத்துக்கும் ஆறாயிரத்துக்கும் இடையே உள்ள பகா எண்கள் எல்லாம் அவருடையவை. மற்றவை என்னுடையவை. ஏன் ஐயாயிரம் என்று கேட்டேன். நடுவில் இருக்கிறது, விட்டுவிட்டுத் தாண்டிப் போக முடியாது என்றார். காலையில் வந்ததும் எடை பார்ப்போம், ஊசி ஏறும், அட்டை மடிக்கு வரும். கால் இழுத்துப் பிடித்தால் நிறுத்துவோம். ரத்த அழுத்தம் இறங்கினால் மிஸி அட்டையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார். ஆரம்பத்தில் எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்ட அவரே ஒரு நாள் வேலை குறைவாக இருந்தபோது, எனக்கும் ஒன்று தாருங்கள் என்று கேட்டு வாங்கி, மேசையில் போய் உட்கார்ந்து போட்டுக்கொண்டு வந்தார். நாங்கள் இருவரும் சரிபார்த்துக் குறி போட்டோம்.

ஒரு நாள் அண்ணனுடைய நாற்காலியில் வேறு ஒருவர் படுத்திருந்தார். மிஸியிடம் கேட்டேன். கையில் ஊசி ஏற்றும் இடத்தில் கிருமி பிடித்து, காய்ச்சல் அதிகமாகி, மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள் என்றார். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குக் கிருமி என்பது சாதாரண வார்த்தை இல்லை. அந்த அறையில் நாற்காலியில் ஆள் மாறுவது எதற்கு என்று எங்களுக்குத் தெரியும். அன்று நான் நாலாயிரங்களின் கடைசியில் இருந்தேன். அதை முடித்தேன். பிறகு ஐயாயிரத்தைத் தொடாமல் ஆறாயிரத்துக்குப் போனேன். மிஸி அதைக் கவனித்துவிட்டு, நடுவில் இருப்பதை யார் போடுவது, நாங்கள் தாதிகள் பகிர்ந்து போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அதற்கு ஆள் இருக்கிறது என்றேன்.

பார்வையாளர் நேரத்தில் தங்கையோடு மருத்துவமனைக்குப் போனேன். அண்ணன் பாதியாகியிருந்தார். கண் மூடியிருந்தது. அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து துணியை நனைத்து நெற்றியில் வைத்துக்கொண்டிருந்தார். நான் வந்திருப்பதை அண்ணன் காதில் சொன்னார்.

"எங்க வந்து நிக்குது டீச்சர்?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"ஆறாயிரம் பாதி முடிஞ்சிருச்சு அண்ணே."

"அஞ்சாயிரம்?"

"அப்படியே இருக்கு. நீங்க நிறுத்துன எடத்துல."

"யாரையும் தொட விடாதீங்க."

அவ்வளவுதான் பேசினார். வெளியே வந்ததும் அவர் மனைவி என்னைத் தனியே அழைத்து, காய்ச்சலில் ராத்திரியெல்லாம் எண்ணாகப் பிதற்றுகிறார், மூளையில் ஏதாவது ஆகிவிட்டதா என்று பயமாக இருக்கிறது என்று அழுதார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, என்ன எண்கள் அக்கா என்று கேட்டேன். நினைவிருந்த சிலவற்றைச் சொன்னார். மூன்று பகா எண்கள், மூன்றும் ஐயாயிரத்துக்கு மேல். உங்கள் வீட்டுக்காரரின் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை, மிக ஒழுங்காக இருக்கிறது என்றேன். அதை நான் ஆறுதலுக்குச் சொல்லவில்லை. எனக்கு உறுதியாகத் தெரிந்ததைச் சொன்னேன். அவர் அதை நம்பினார் என்பது அவர் அழுகையை நிறுத்திய விதத்தில் தெரிந்தது.

நான் ஆறாயிரத்தை முடித்தேன். ஏழாயிரத்தை முடித்தேன். எட்டாயிரத்தில் நுழைந்து கடைசிக்கு முந்தியது வரை வந்து நிறுத்தினேன். போட்டவற்றை எல்லாம் கணவர் மாலையில் வேலை முடிந்து வந்து சரிபார்த்தார்.

அண்ணன் திரும்பி வந்தபோது சட்டை தோளில் தொங்கியது. கையில் ஊசி ஏற்ற வைத்திருந்த வழியை மூடிவிட்டு, தற்காலிகமாகக் கழுத்துக்குக் கீழே ஒரு குழாயைப் பொருத்தியிருந்தார்கள். ரத்தம் இனி அது வழியாகத்தான் போய் வரும். நாற்காலியில் சாய்ந்ததும் இரண்டு கைகளையும் தூக்கி எனக்குக் காட்டினார்.

"ரெண்டு கையும் ஃப்ரீ டீச்சர். இப்ப நீங்கதான் ஸ்லோ."

உண்மையில் அவர் விரல்கள் இன்னும் தேறவில்லை. எண்கள் கோணலாக விழுந்தன. ஒரு காலையில் நாலைந்துக்கு மேல் முடியவில்லை. நான் அவசரப்படுத்தவில்லை. அவர் போடுவதைச் சரிபார்ப்பது மட்டுமே என் வேலையாக இருந்தது. வாரங்கள் போகப் போகக் கை தேறியது. ஐயாயிரங்களின் கடைசிப் பகா எண்ணுக்கு நேராகக் குறி போட்ட அன்று அவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, முதல் முறையாக அந்த நாற்காலியில் தூங்கினார்.

இனி மிஞ்சியது 8597 ஒன்றுதான். அடுத்த பகா எண் 8599, அதற்கு இரண்டே தள்ளி இருக்கிறது. ஆனால் அதை அதனாலேயே பெருக்கினால் நம் எண்ணைத் தாண்டிவிடும் என்பதால் தொட வேண்டியதில்லை. 8597-ஐ இருவரும் தனித்தனித் தாளில், ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் போட்டோம். எனக்கு ஈவு 8600, மீதி 4933. தாளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு அவருக்காகக் காத்திருந்தேன். அவர் இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, "நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூணு," என்றார்.

மிஸி வந்து எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, முடிந்துவிட்டதா என்று கேட்டார். முடிந்துவிட்டது, இது பகா எண்தான் என்றேன். அதைத்தான் முதல் நாளே சொன்னீர்களே என்றார் அவர். அண்ணன்தான் பதில் சொன்னார், மலாயில். அன்றைக்கு டீச்சருக்குச் சொல்லத் தெரியும், இன்றைக்கு எங்களுக்குத் தெரியும் என்றார். அடுத்த முறை வரும்போது அவர் மனைவி எங்கள் எல்லாருக்கும் புட்டு மாயம் என்ற இடியாப்பம் அவித்து அனுப்பியிருந்தார். தேங்காய்ப்பூ இல்லாமல், சர்க்கரை கையளவுக்கும் குறைவாக, எங்களுக்கு ஆகும்படி.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அவருக்கு ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. வலப்பக்கத்தில் இன்னோர் இலக்கம் சேர்த்தால் என்ன ஆகும்? இரட்டை எண்ணையும் ஐந்தையும் சேர்த்துப் பயனில்லை. இரண்டாலோ ஐந்தாலோ வகுபட்டுவிடும். ஆக 1, 3, 7, 9 நான்கில் ஒன்றைத்தான் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1-ஐயோ 7-ஐயோ சேர்த்தால் இலக்கங்களின் கூட்டுத்தொகை மூன்றின் மடங்காகிறது, எண்ணும் மூன்றால் வகுபடும். அதை அவரே கூட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தார். 3-ஐச் சேர்த்தால் வரும் 739391333-ஐ ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுத்துக்கொண்டு போனோம். 127-இல் மீதி சுழி. 127-ஐ 5821979-ஆல் பெருக்கினால் அது அப்படியே வருகிறது.

எஞ்சியிருப்பது 9-ஐச் சேர்த்த எண். அதுவும் உடையும் என்று புத்தகங்கள் சொல்கின்றன. எங்கள் கையில் அது இன்னும் உடையவில்லை. முந்நூற்று அறுபதைத் தாண்டிவிட்டோம், ஒன்றும் சிக்கவில்லை. இதற்கு 8598-ஐவிட வெகுதூரம் போக வேண்டியிருக்கலாம். அண்ணனுக்குக் கையில் புதிதாக வழி வைத்துவிட்டார்கள். ஆறியதும் மறுபடி ஒற்றைக் கைக்காரர் ஆகிவிடுவார். பள்ளியில் இந்த ஆண்டு எனக்கு ஒரு வகுப்பைக் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள், நானே கேட்டு வாங்கினேன். நேற்று நாங்கள் போட்டது 373. அவர் மீதியை எழுதி, தாளை என் பக்கம் நீட்டினார். நான் பெருக்கிப் பார்த்துக் குறி போட்டேன்.